திருத்தம் ஏழு

சொஹாரில் ஜூன்.
பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை
வெளிவேலைக்கு ஓய்வு. நான் உள்வேலை,
டாக்குமென்ட் கண்ட்ரோலர்,
ஏசிக்கு நேர் கீழே சால்வையோடு.

அவசரகாலக் கையேடு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
"ஒருத்தரும் படிக்கமாட்டார்கள்" என்றார் பலூஷி.
பாதுகாப்பு மேலாளர், பொய் சொல்ல வராதவர்.
"படம் ஒன்று போடு. தொட்ட இடத்துக்குப் பக்கம் வரட்டும்.
தீப்பிடித்தவன் பொருளடக்கமா தேடுவான்?"

முகாமின் வரைபடத்தை முதல் பக்கத்தில் ஒட்டினேன்.
எட்டு பிளாக், மெஸ், தொழுகைக்கூடம், கிளினிக்,
பேருந்து நிற்கும் மண்தரை.
ஒவ்வொன்றின்மேலும் ஒரு கட்டம்.
நிறமே வேண்டாமென்று கட்டத்தை வெறுமையாய் விட்டால்
அம்புக்குறி அதன் வழியே விழுந்துவிடுகிறது;
விளிம்பில் பட்டால் மட்டும் விழிக்கிறது.
முதலில் நிறம் கொடுக்கவேண்டும்.
பிறகு அந்த நிறத்தை நூறு சதவீதம்
கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கவேண்டும்.
அப்போதுதான் கட்டம் அங்கே இருக்கிறது என்று கணினி ஒப்புக்கொள்ளும்.
இது பிடிபட ஒரு மதியம் முழுக்கப் போனது.

புக்மார்க் பெயரில் இடைவெளி ஆகாது.
பிளாக்மூன்று. மெஸ்பின்வாசல். கூடுமிடம்பி.
என் சின்ன நாத்தனார் போனில் பேசுவதுபோலவே.

திருத்தம் ஐந்தில் ஒரு கோளாறு.
பிளாக் ஆறில் இருந்தவர்களை ஒரே இரவில்
துக்கும் அனுப்பிவிட்டார்கள்; அந்தப் பக்கத்தை யாரோ நீக்கியிருந்தார்கள்.
கட்டம் மட்டும் மிச்சம்.
சொடுக்கினால் பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை,
நேரே முதல் வரிக்கு,
கம்பெனி முத்திரைக்குக் கொண்டுபோய் விட்டது.
அங்கே இருந்த சவரிராஜ்
எனக்கு முந்நூறு பைசா தரவேண்டும்.

திருத்தம் ஆறை பலூஷி
பெரிய தாளில் அச்செடுத்து, லேமினேட் பண்ணி,
மெஸ் வாசலில் மாட்டச் சொன்னார்.
"சார், தாளில் இணைப்பு வேலை செய்யாது."
"தெரியும். முகாமில் எத்தனை பேரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது?"

நான்கு மாதம் கழித்து அதைக் கழற்றப் போனேன்.
பிளாஸ்டிக் முழுக்க விரல்.
மெஸ்மேல் மஞ்சள்தூள், எண்ணெய்.
கிளினிக்கில் ஒன்றிரண்டு.
கூடுமிடம் பி, அச்சகத்திலிருந்து வந்தபடியே.
ஆனால் பிளாக் இரண்டுக்குப் பின்னால்,
நான் கட்டமே வரையாத ஒரு வெற்றிடத்தில்
பெருவிரல்மேல் பெருவிரல் பதிந்து
பிளாஸ்டிக்கே பால் கலந்ததுபோல் மங்கியிருந்தது.

தட்டோடு வரிசையில் நின்ற ஆவுடையப்பனைக் கேட்டேன்,
ஸ்காஃபோல்டிங் ஆள், ஐந்து வருஷம் இங்கே.
"தண்ணித் தொட்டிக்குப் பொறத்தாலம்மா.
அங்கன நின்னாத்தான் ரெண்டு கோடு வரும்.
புதுசா வாரவனுக்கு மொதல்ல அதத்தான் காட்டுவோம்."

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

இன்று மதியம் அந்த இடத்தில் ஒரு கட்டம் வரைந்தேன்.
நிறம் கொடுத்தேன். நிறத்தை மறைத்தேன்.
பெயர்: தண்ணீர்த்தொட்டிக்குப்பின்னால்.
பக்கம் நூற்றுப் பதின்மூன்று.
படிவம் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான், நிரப்பித்தான் ஆகவேண்டும்.
பயன்பாடு: தொலைபேசி.
கொள்ளளவு: ஒரே நேரத்தில் ஆறு பேர், முதுகோடு முதுகு.
பொறுப்பாளர்: யாருமில்லை.
ஆபத்து என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு கோடு போட்டேன்.
கீழே, எல்லாப் பக்கத்திலும் இருப்பதுபோல,
'வரைபடத்துக்குத் திரும்ப இங்கே சொடுக்கவும்'.

ஒப்புதலுக்கு அனுப்பினேன்,
படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்.

நாலரைக்குத் திரும்பி வந்தது.
என் கோட்டை அடித்துவிட்டு, சிவப்பில் ஒரு சொல்: வெயில்.
அதன் கீழே, தகரக் கூரை, ஆறடிக்குப் பத்தடி,
அவசரம்.
கையெழுத்து. தேதி.