எடைப்பாலம்

பகாவ் செம்பனை ஆலையில் லாரிகளை நிறுக்கிறேன்.
ஓகேயு அட்டைப் பாரத்தில்
‘மதியிறுக்கம் உள்ளவர்’ என்று எழுதினார் புஷ்பலீலா அக்கா,
இழவு வீட்டுக் குரலில் வாசித்தபடி.

மதியில் ஏது இறுக்கம்?
சட்டைக் காலரில்தான் இருந்தது.
லேபலை வெட்டிவிட்டேன்.

உள்ளவர் என்றால்
லாரியில் குலை உள்ளதுபோல.
கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்,
மறுபடி நிறுத்துக் கழிப்பேன்.
என்னில் எதைக் கழித்து
எந்த வெறும் வண்டியை எழுதுவது?

வெளியே நிற்பது செம்பனை.
யாராவது அதைச்
செம்மை உள்ள பனை என்கிறார்களா?

அடித்துவிட்டு எழுதினேன்: ஆட்டிசக்காரி.
‘திட்டுற மாதிரி இருக்கே.’
‘கூப்பிடுற மாதிரி இருக்கு, அக்கா.’

பட்டறை தொம்மையப்பனுக்கு
‘உள்ளவன்’தான் பிடிக்கும்.
அது அவன் பாரம்.

ஹாரன்.
காதைப் பொத்திக்கொண்டு
அடுத்த லாரிக்குக் கேட்டைத் திறக்கிறேன்.