கழித்தல் குறி

ஓர் இடம். நான்கு ஆண்டு. மாதச் சம்பளம் உண்டு.
கணக்கீட்டு விசையியல்: கடல்பனி முறியும் விதம்.
முனைவர் பட்ட ஆய்வுக்கான அந்த அறிவிப்பை எழுதியவன் நான்தான்.
"ஆர்வமுள்ளவர்கள்" என்ற சொல்லை இரண்டு தடவை அடித்தேன்,
வேறு கிடைக்காமல் அதையே வைத்தேன்.

நூற்றுப் பதினேழு விண்ணப்பம் வந்தது.
பேராசிரியர் கெம்பைனென் பாதியை என் மேசையில் இறக்கி
"ஒஸ்மோ, உனக்கும் பழக வேண்டாமா" என்றார்.
எனக்கு அந்தக் குளிர்காலத்தில் வேறு பழக்கம்.
இரவு பதினொன்றுக்கு நிரலை ஓடவிட்டுப் போவேன்,
காலை ஏழுக்கு வந்து அது எங்கே விழுந்து கிடக்கிறதென்று பார்ப்பேன்.
நாற்பத்தோராம் படி. எப்போதும் நாற்பத்தோராம் படி.
குவியவில்லை, என்கும் திரை,
ஏச்சுமில்லாமல் இரக்கமுமில்லாமல்.
சன்னலுக்கு வெளியே பொத்னியா வளைகுடா
யார் நிரலையும் கேட்காமல்
கெட்டியாகிக்கொண்டிருந்தது.

விண்ணப்பித்த எல்லாரும் சிறுவயது முதலே விசையியலை நேசித்தார்கள்.
ஒருவன் ஐந்து வயதில் ஒரு பாலத்தைப் பார்த்தானாம்.
பாலம் பார்க்காதவர்கள் அணை பார்த்திருந்தார்கள்.

ஐம்பத்து மூன்றாவது:
தைமி ரவுத்தியோ, ராஹே.
எஃகு ஆலை, உருளைப் பிரிவு, பராமரிப்பு.
வயது முப்பத்தெட்டு.
படிப்பில் பதினோரு ஆண்டு இடைவெளி ஏன் என்ற கட்டத்தில்
"வேலை பார்த்தேன்."

கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை.
"இரவு ஷிஃப்டில் உங்கள் கட்டுரையைப் படித்தேன்.
பதினான்காம் சமன்பாட்டில் இரண்டாம் உறுப்புக்கு முன்
கழித்தல் இருக்கிறது. கூட்டல் அல்லவா வரவேண்டும்?
விரிசல் திறக்கையில் ஆற்றல் எந்தப் பக்கம் போகிறதென்று
மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
என் கணக்கு தவறென்றால் பொறுத்துக்கொள்ளவும்."

பொறுத்துக்கொள்ளவும்.
எங்கள் துறையே அதுதானே,
எந்தப் பொருள் எவ்வளவு பொறுக்கும்,
எந்த இடத்தில் இனிப் பொறுக்காது.

கட்டுரையை எடுத்துப் பிரித்தேன்.
அச்சில் என் பெயர், அதன் கீழே நான்கு பக்கம் தள்ளி
படுத்துக் கிடந்தது அந்தச் சின்னக் கோடு,
நகத்தால் கீறினாற்போல.
விரிசலைப் பற்றிய கட்டுரையில்
யாரும் பார்க்காத விரிசல்.

வேண்டாதவர்கள் அடுக்கு கையெட்டும் தூரத்தில் இருந்தது.
நாற்பது பேர் ஏற்கெனவே அதில்.
ஒரு தாள் கூடினால் சாயாது.
வைத்தேன்.
ஆமாம், வைத்தேன். வைத்துவிட்டுப் போய்க்
காபி குடித்தேன், கோப்பையைக் கழுவினேன்,
கழுவிய கோப்பையை மறுபடி கழுவினேன்.

இரவு இரண்டரைக்குக் குறியை மாற்றினேன்.
படுத்திருந்த கோட்டின் மேல் ஒரு கோடு நிமிர்ந்தது, அவ்வளவுதான்.
முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.
நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், எதற்கென்று தெரியாமல்.
இருநூற்றுப் பன்னிரண்டில் விழுந்தது.
குவியவில்லை.
ஆனால் இது புதுத் தப்பு,
இன்னும் பழகாத தப்பு.

தேர்வுக் கூட்டத்தில் அவள் தாளை முதலில் வைத்தேன்.
"இவளா? பதினோரு வருடம்," என்றார் ஒருவர்.
பதினான்காம் சமன்பாட்டைப் பலகையில் எழுதினேன், பழைய குறியோடு.
கெம்பைனென் கண்ணாடியைக் கழற்றிக்
கம்பளி நுனியில் வெகுநேரம் துடைத்தார்.
"அந்தக் குறியைப் போட்டவள் நான்," என்றார்.
"நீ அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாய்."

நேர்காணல் திரையில் நடந்தது.
ஆலையின் ஓய்வறை, அவளுக்குப் பின்னால் மஞ்சள் தலைக்கவசங்கள்.
நாற்பது நிமிடம் நாங்கள் கேட்டோம்.
நீங்கள் கேட்க ஏதாவது உண்டா என்றபோது
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"பனியைப் போய் யாராவது தொட்டுப் பார்ப்பதுண்டா,
இல்லை, எல்லாம் கணினியில்தானா?"

அறையில் யாரும் பேசவில்லை.
என் மேசையிலிருந்து கரைக்கு நானூறு மீட்டர்.
மூன்றாம் ஆண்டு எனக்கு.