நான்கு டக்

லாங்யர்பியன் கடையில் ஓட்வார்
இரண்டையும் மேசைமேல் வைத்தார்.
ஒன்று கம்பி:
குழாய்க்குள் வழுக்கிப்போகும், பூனை நடை.
மற்றது பிளாஸ்டிக், தடி,
ஆறு பள்ளம், பள்ளத்துக்கு ஒரு டக்.

“கம்பியை எடுங்கள். பனிவண்டிப் பையில் அடங்கும்.
கரடிக்குக் கேட்காது.”

சிக்னே கையுறையைக் கழற்றாமலே
இரண்டையும் தோளில் வைத்துப் பார்த்தாள்.
பார்கா இரண்டு விரல் தடிப்பு.
அந்த இரண்டு விரலைக் கட்டையில் குறைக்காவிட்டால்
கண் ஓரிடம், குறி ஓரிடம்.
பிறகு கம்பியில் கன்னத்தை வைத்தாள், உடனே எடுத்தாள்.
“மைனஸ் இருபதில் இது கன்னத்தைக் கடன் கேட்கும்.
திருப்பித் தராது.”

பிளாஸ்டிக்கே வந்தது.
கூடுதல் எடைக்கு ஈடாக
பட்டியலிலிருந்து ஒரு டப்பா காப்பித்தூளை அடித்தார்கள்.
அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பனியாற்றின் ஓரம், இருட்ட மறந்த இரவுகள்.
மூன்று பேர், ஒரு துப்பாக்கி,
இரண்டு மணிக்கொரு காவல்.
தூக்கப்பைக்குள் கண்மூடியே ஆளைச் சொல்வேன்:
நான்கு டக் இழுத்தால் நெடியவன் யோஸ்டெய்ன்.
இரண்டு டக் தள்ளினால் சிக்னே.
(எனக்கும் இரண்டுதான்.
ஆனால் அப்போது நான் விழித்திருப்பேன்.)

ஒரு விடியலில், அல்லது அந்தியில்,
சிக்னே உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினாள்.
வெளியே யோஸ்டெய்னின் காலடி.
டக் இல்லை.

எண்ணினேன். பூஜ்யத்திலிருந்து
எண் நகரவே இல்லை.
கூடாரத்தின் வாயை ஒரு விரல் அளவு திறந்தேன்.

சிக்னேயின் அளவிலேயே கட்டை.
குழந்தை நாற்காலியில் உட்கார வைத்த ஆள்போல
அவன் மடங்கி நின்றான், கட்டைவிரல் மூக்கில் இடிக்க.
தாடையால் காட்டினான்.
மண்ணெண்ணெய்ப் பீப்பாயருகே, வெள்ளையல்ல,
பழைய வெண்ணெயின் நிறம்.

ஒரு டக் போதும், அது தலை தூக்க.

ஓட்வார் சொன்னது சரி என்று
அந்த நேரம் பார்த்தா நினைவுக்கு வரவேண்டும்.

சிக்னே ஒளிவெடியை வானத்தில் விட்டாள்.
விலை பிடிக்காத வாடிக்கையாளர்போல
அது எழுந்தது, சுற்றிப் பார்த்தது,
அவசரமில்லாமல் கற்குவியலுக்கு அப்பால் போனது.

நெடுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு, சாவகாசமாக,
டக். டக். டக்.
நாலாவதற்காக மூச்சைப் பிடித்துக் கிடந்தேன்.
டக்.

கோடையில் ஓட்வார் கேட்டார்: “எப்படி உழைத்தது?”
சிக்னே கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.
நான் காப்பித்தூள் விலை கேட்டேன்.