போடணும்

கட்டிலுக்கு அடியில்
பங்குனியிலிருந்து கிடக்கிறது பிளாஸ்டிக் சுருள்.
கூடவே ஒரு டின் தார்ப்பசை,
பிரிக்காத ஸ்டேப்பிள் பின் பெட்டி இரண்டு.
அருமனை சந்திப்பில் ஜஸ்டஸ் கடையில் வாங்கியது.
வாங்கிய அன்றே பாதி வேலை முடிந்ததுபோல
பரோட்டா தின்றுவிட்டு வீடு வந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு ரப்பர் மரம்.
ஒவ்வொன்றின் வெட்டுக்கு மேலும்
ஒரு பாவாடை கட்ட வேண்டும்,
மழைத்தண்ணீர் பாலில் இறங்காமல்.
அவ்வளவுதான் வேலை.

மஸ்கட்டிலிருந்து எர்வின் கேட்பார்:
"ரெயின் கார்டு போட்டாச்சா?"
"போடணும்."
போன மாதமும் போடணும்.
அதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், போடணும்.
இந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.
இதில் நேற்று இல்லை, இன்று இல்லை,
நாளைகூட இல்லை.
போட்டேன் என்றால் மரத்தில் ஏதாவது தெரிய வேண்டும்.
போடுவேன் என்றால் அது ஒரு வாக்கு.
போடணும் என்பதற்கு எதுவும் வேண்டாம்.
வாடகை இல்லாமல்
அதற்குள் குடியிருந்தேன்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள்.
அந்த ஒரு வேலையைச் செய்யாமலிருக்க
எத்தனை வேலை செய்தேன்!
அலமாரி துடைத்தேன்.
மசாலா டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன்,
உப்புக்கும்கூட.
யூடியூபில் ஒரு மலையாளி ரெயின் கார்டு கட்டுவதை
நாலு தடவை பார்த்தேன், லைக் போட்டேன்.
இரவு படுத்தால்
மெத்தைக்கும் பலகைக்கும் கீழே கிடந்து
அந்தச் சுருள் முதுகில் உறுத்தும்.

இடவப்பாதி என்னிடம் கேட்டுவிட்டு வரவில்லை.
புதன்கிழமை நாலு மணிக்கு வெட்டினார் சுந்தரதாஸ்.
ஆறு மணிக்குக் களியல் பக்கமிருந்து இரைந்துகொண்டு வந்தது மழை.
சிரட்டை எல்லாம் நிறைந்து
வெள்ளைத்தண்ணீர் மண்ணில் வழிந்தது.
"இனி மழ விட்டா விளியுங்க" என்று
சைக்கிளைத் திருப்பினார்.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் கோபப்பட்டாவது
அன்றைய பொழுதைக் கழித்திருப்பேன்.

திருந்தியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.
ஒரு எலி.
சுருளுக்குள் குட்டி போட்டிருந்தது.
கீச்சுச் சத்தம் கேட்டு
முற்றத்துக்கு இழுத்துப் போய் உதறினேன்.
மூன்று நாள் கழித்து அப்போதுதான் வெயில்.
கையில் சுருள். எதிரில் மரம்.
திரும்ப உள்ளே கொண்டுபோய் வைக்க
அலுப்பாக இருந்தது.
இத்தனை நாள் எனக்கு எதிராக நின்ற அதே அலுப்பு.

முதல் மரத்துக்கு முக்கால் மணிநேரம்.
பட்டை சுரண்டினேன், அரைகுறையாய்க் காய்ந்திருந்தது.
தார் விரலில் ஒட்டியது, நைட்டியில் ஒட்டியது,
மரத்தில் மட்டும் ஒட்ட யோசித்தது.
சேலைக்குக் கண்ணை மூடிக் கொசுவம் வைக்கிற கை
பிளாஸ்டிக்குக்கு வைக்கத் தெரியாமல் விழித்தது.
எலி கடித்த ஓட்டை ஒன்று
சரியாக வெட்டுக்கு மேல் வந்து நின்றது.
அதன்மேல் ஒரு துண்டு ஒட்டினேன்.
கோணல்.
பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் உடுத்த மாதிரி.
இருந்தாலும் நின்றது.

இரண்டாவதற்கு இருபது நிமிடம்.
ஐந்தாவதில், வேலை செய்கிறேன் என்பதே மறந்துபோனது.
பதினொன்று முடிந்து
பன்னிரண்டாவதில் பாதி சுற்றும்போது மழை.
ஸ்டேப்ளரை அக்குளில் இடுக்கிக்கொண்டு
மரத்தோடு ஒட்டி நின்றேன்.

போன் அடித்தது.
"போட்டாச்சா?"
"பதினொண்ணு போட்டாச்சு."
கொஞ்ச நேரம் மஸ்கட்டில் சத்தமே இல்லை.
"மீதி?"
அந்தச் சொல் பழக்கத்தில்
நாக்கு நுனி வரை வந்தது.
முதல் மரத்தின் கோணல் பாவாடையிலிருந்து
தண்ணீர் சிரட்டைக்கு வெளியே
சொட்டிக்கொண்டிருந்தது.
"மழ விட்டதும் பன்னிரண்டாவது" என்றேன்.
"போனை வையுங்க,
கையெல்லாம் தார்."