மஞ்சள் கரு

காரைக்குடி கல்லூரிச் சாலையில் என் ஜெராக்ஸ் கடை.
தேர்வுக் காலம் தவிர
மூன்றிலிருந்து நாலரை வரை யாரும் வருவதில்லை.
அப்போது நான் கழனிவாசல்72.

யாரும் எழுதலாம் என்கிற அந்தக் கலைக்களஞ்சியத்தில்
எட்டு வருடமாக ஒற்று திருத்துகிறேன்,
பேருந்து எண் மாறினால் மாற்றுகிறேன்.
"நன்றி அண்ணே" என்பார்கள்.
சிகப்பி என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. அண்ணனுக்குக்
கேள்விகள் குறைவு.

சென்ற ஆடியில்
கானாடுகாத்தான் வீடுகளைப் பற்றிய பக்கம்.
பர்மாத் தேக்கு, கப்பலில் வந்த பளிங்கு,
சுவர்ப்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு:
எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு.
படித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன்.
ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை என்றால்
வெள்ளையைப் பிரித்தது யார் கை?
மஞ்சள் கரு எங்கே போனது?

ஒரே ஒரு வரி சேர்த்தேன்:
முட்டை உடைத்தவர்கள் பெண்களாக இருந்திருக்கலாம்.
நாலாவது நிமிடம் வரி இல்லை.
"சான்று தேவை அண்ணே."

நியாயம்தான்.
என் கண்ணாடி மேல் தினமும் கவிழ்ந்து கிடக்கின்றன
பாகப்பிரிவினை, சீர் சாமான் பட்டியல், பழைய கூலிக் கணக்கு.
வெளிச்சம் ஒருமுறை ஓடித் திரும்பும்.
அடுத்தவர் காகிதம்; ஒரு சொல் எடுக்க முடியாது.
சூட்டோடு அடுக்கி,
பக்கத்துக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்புவேன்.

தையில் தேவகோட்டையில் பங்களிப்பாளர் கூடுகை.
முப்பத்தொரு நாற்காலி.
மீசை அரும்புகிறவர்கள் பாதி, ஓய்வூதியக்காரர்கள் மீதி.
நடுவில் இருக்க வேண்டிய வயது
எங்கேயோ பள்ளி வேனுக்குக் காத்திருந்தது.
புடவையில் நான் ஒருத்தி;
இன்னொருத்தி தேநீர் கொண்டுவந்தவள்.
பெயரட்டை எழுதிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான்.
பதினொன்றாம் வகுப்பு. என் வரியை எடுத்தவன்.
"கழனிவாசல்... நீங்களா ஆச்சி?"
காது சிவந்துவிட்டது அவனுக்கு.

மஞ்சள் கருவைப் பற்றி அவனிடமே கேட்டேன்.
பதில் சொல்லவில்லை.
காரைக்குடி வரை ஒரே பேருந்து,
அப்போதும் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்து உரையாடல் பக்கத்தில்:
"அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.
ஆனால் இப்போது தினமும் அதையே கேட்கிறார்,
என்னை, மளிகைக்கடைக்காரரை, போனில் பெரியம்மாவை."

இதுவும் சான்று இல்லை.
அவரையே ஒரு கணக்குத் தொடங்கச் சொல் என்று எழுதினேன்.
பெயர் வைக்கத்தான்
மூன்று நாளாக யோசிக்கிறாராம்.