அஞ்சல்

துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிய மாலை
கடலூர் முதுநகர் இறால் கம்பெனியின் மாடியறையில்
லாக் கோப்புக்குக் காவல் போட்டுக்கொண்டிருந்தேன்.

விதி எளியது.
ஒரே பெயரில், ஒரு மணி நேரத்தில்,
மூன்று தடவைக்கு மேல் தப்பான கடவுச்சொல் வந்தால்,
வரிசையில் இருநூறு கடிதம் தேங்கினால்
எனக்கு ஒரு மெயில்.

"மெயில் சர்வரே படுத்துக்கிச்சுன்னா
அந்த மெயில் எதுல வரும்?"
பேக்கிங் ஜுலேகா கேட்டாள்,
டீ கிளாஸைச் சர்வர் மேலேயே வைத்துவிட்டு.
கிளாஸை எடு என்றேன்.
அவள் போனபின்
வெளியே வேறொரு சர்வர் வழியாகப் போக
ஒரு புறவாசல் திறந்தேன்.

முதல் இரவு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
கூடையில் விழுந்த கெளுத்தியாகத் தலையணைக்கடியில் போன்.
எவனெவனோ எங்கிருந்தோ
அட்மின் என்றான், டெஸ்ட் என்றான், இன்ஃபோ என்றான்,
இல்லாத ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
விடியும் மட்டும் வலைக்கண்ணைப் பெரிதாக்கினேன்,
இன்னும் பெரிதாக்கினேன்.
ஒன்று மட்டும் விழாமல் நின்றது.

பயனர்: பூவராகன். உள்நுழைவு: தோல்வி.
கால்மணிக்கு ஒருமுறை.
ஞாயிற்றுக்கிழமையும்.

சீனா இல்லை, ருஷ்யா இல்லை.
தாழங்குடாவில் நம்ம கேபிள்காரர் கொடுத்த இணைப்பு.

அந்தக் கணக்கை மூடியது நான்தான்.
மார்ச்சில் நாற்பது பெட்டி குறைகிறது என்றார்கள்.
மேனேஜர் அறையிலிருந்து அவர் வெளியே வருவதற்குள்
ஒரு வரிக் கட்டளை, அரை விநாடி.
மே மாதம் பெட்டிகள்
வேறொரு குளிர்கிடங்கில் இருந்தன, அடுக்கிய மேனிக்கு.
அவர் அப்போது மஸ்கட்டில்.
இதற்கெல்லாம் எந்த எச்சரிக்கையும் எனக்கு வரவில்லை.

பழைய போன் வீட்டில் இருக்கிறது போல.
அதில் சீரியல் ஓடும், பிள்ளை பஸ் ஓட்டி விளையாடும்,
அடியில், யாருக்கும் தெரியாமல்,
பழைய கடவுச்சொல்லைக் கையில் பிடித்தபடி அது வந்து நிற்கும்:
ஏதும் கடிதம் வந்திருக்கா?
இல்லை.
சரி, அப்புறம் வர்றேன்.

மனைவி அஞ்சலாட்சி.
தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பியவர், எண் இருந்தது.
'அக்கா, செட்டிங்ஸ் போய் ஆபீஸ் மெயிலை எடுத்துடுங்க'
என்று அடித்து, அழித்தேன்.
என் பக்கமே ஒரு வரியில் அதை ஒதுக்கலாம்.
அதையும் செய்யவில்லை.

அஞ்சல் என்றால் தபால்.
அஞ்சல் என்றால் பயப்படுவது.
பழைய தமிழில், பயப்படாதே என்பதும் அஞ்சல்தான்.
ஒரு சொல்லுக்கு மூன்று வேலை, சம்பளம் ஒன்று.
என் மெயில்களுக்கு முதல் இரண்டுதான் தெரியும்.

மூன்றாம் நாள் கூண்டு எட்டாம் எண்ணுக்கு ஏறியது.
கரண்ட் போய் ஜெனரேட்டர் இருமியது.
பெண்ணையாறு கடலுக்குள் இறங்க இடம் கேட்டு முட்டியது,
கடல் கொடுக்கவில்லை.
வரிசையில் முந்நூறு கடிதம்,
கண்டெய்னர் எங்கே, கண்டெய்னர் எங்கே.
போன் துடித்தது, நான் எடுக்கவில்லை.
திரையில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
ஒன்பதே முக்கால்.
பத்து.
பத்தேகால்.
பூவராகன் வரவில்லை.

விதியைத் தலைகீழாக எழுதினேன்.
இந்தப் பெயரில் ஒரு மணி நேரம்
தோல்வி வராவிட்டால் எனக்குச் சொல்.

சொன்னது.
இரவெல்லாம் மணிக்கு மணி சொன்னது.
ஏழாவதைப் படிக்கும்போது
தாழங்குடாவில் எத்தனை வீடு ஓட்டு வீடு என்று
எனக்குத் தெரியாதது தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணி ஐந்து நிமிடம்.
ஜுலேகா ஈரக்குடையோடு உள்ளே வந்தாள்.
"என்ன, தனியா சிரிக்கிற?"
"தோல்வி" என்றேன்.
கிளாஸைச் சர்வர் மேல் வைத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அக்காவுக்கு எழுதினேன்,
செட்டிங்ஸ் பற்றி அல்ல.
இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.