தரச்சான்று

கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் முறிந்த கால்.
எட்டுத் துளைத் தகடு, ஏழு திருகு.
எட்டாவதை ஏன் விட்டார்கள் என்று
மூன்று வருடமாய் நான் கேட்கவில்லை.

சேர்வராயன் பனி இறங்கும் மார்கழியில்
போர்வைக்குள் எனக்கு முந்தி அதற்குக் குளிரும்.
பிறகு சாக்ஸ் விளிம்பில் ஒரு வீக்கம்,
உடைந்தபோது பட்டறைச் சாக்கடை நிறம்.

டாக்டர் மாசிலாமணி கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார்.
கழுவிய தகடு பளபளவென்றிருந்தது.
"சுத்தி இருந்த சதைதான் கறுத்துப்போச்சு.
உரசி உரசி, பொடியா உதிர்ந்து ஊறியிருக்கு."

இரும்பாலையில் இருபத்தாறு வருடம்
துருப்பிடிக்காது என்று முத்திரை குத்திய கை இது.
பொய் சொல்லவில்லை.
அது
துருப்பிடிக்கவில்லை.

பேப்பர் டம்ளரில் கொடுத்த திருகுகளைக்
கட்டிலில் கொட்டி எண்ணினாள் செவ்வந்தி.
ஆறு.
என் முகத்தைப் பார்க்காமல்
மறுபடி எண்ணினாள்.